விண்மீன்களை வரிசைப்படுத்திய வில்லியம் ஹெர்ஷல்



நிலவற்ற இரவில் வானத்தை நோக்குங்கள். ஒரு மீன் பளிச்செனச் சுடர்கிறது. மற்றொன்று மங்கித் தோன்றுகிறது. இவ்வேறுபாட்டை முறையாக எழுதிவைக்க அரும்பாடுபட்ட பெரியார் ஒருவரின் வாழ்வை இங்கே காண்போம்.

வில்லியம் ஹெர்ஷல் 1738-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தையார் படையணியின் இசைக்கலைஞர். குடும்பமோ பெரிது, வருவாயோ சிறிது. ஹெர்ஷலும் இளமையிலேயே அவ்வணியில் இசைக்கருவி வாசித்தார். 1757-இல், போர்க்காலத்தில், இங்கிலாந்து சென்றார். பின்னர் பாத் நகரில் பகலில் இசை கற்பித்துப் பொருளீட்டினார். ஓய்வு நேரத்தில் வானியல் பயின்றார். தொலைநோக்கியைத் தம் கையாலேயே செய்தார். ஆடியைத் தேய்க்கும் வேலையை இடையில் நிறுத்த இயலாத வேளைகளில், தங்கை கரோலின் அவருக்கு உணவை ஊட்டிவிடுவார். 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் கோளைக் கண்டறிந்து உலகப்புகழ் பெற்றார்.

புகழ் வந்தபின்னும் அவர் ஓயவில்லை. பழங்காலத்துத் தாலமி விண்மீன்களை ஒளிக்கேற்ப ஆறு தரங்களாகப் பிரித்திருந்தார். ஒரே தரத்து மீன்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாடு அதில் புலப்படாது. ஒரு மீன் சிறிது மங்கினாலும் எவரும் அறியார். கதிரவனும் ஒரு விண்மீனன்றோ? மற்ற மீன்களின் ஒளி மாறுமாயின், நம் பயிரையும் உயிரையும் காக்கும் கதிரவனின் ஒளியும் மாறலாமன்றோ? இவ்வினா அவர் உள்ளத்தை உறுத்தியது.

ஆகவே ஒவ்வொரு மீனையும் அதனருகே ஏறக்குறைய அதே ஒளியுடன் விளங்கும் மீன்களோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்திருந்தால் இடையே புள்ளியிட்டார். ஒன்று சற்றே மிகுந்திருந்தால் காற்புள்ளி. தெளிவாக மிகுந்திருந்தால் சிறுகோடு. நீங்கள் ஏட்டில் எழுதும் அதே குறிகள்தாம்! 1796 முதல் 1799 வரை நான்கு பட்டியல்களை வெளியிட்டார். மேலும் இரண்டு, அவர் 1822 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தபோதும் கையெழுத்துப் படிகளாகவே கிடந்தன. பல்லாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துப் பிக்கரிங் அவற்றை அச்சேற்றினார்.

அவர் மகன் ஜான் ஹெர்ஷல் 1836-இல் திருவாதிரை மீனின் ஒளி கூடிக்குறைவதைக் கண்டார். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மீன் மங்கியதை உலகோர் வெறுங்கண்ணாலேயே கண்டனர்.

தாம் காணப்போகாத மாற்றத்தைப் பின்வருவோர் காணட்டும் என்றே ஹெர்ஷல் எழுதிவைத்தார். பெற்றோர்களே, பிள்ளைகளோடு வாசலில் நின்று சற்று வானம் பாருங்கள். மாணவர்களே, கண்டதைக் கண்டவாறே, நாளிட்டு எழுதிவையுங்கள். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. கண்ணும் ஏடும் பொறுமையும் போதும்.