ஞானஸ்நானத்துக்குப் பிறகும் தேடிய பண்டித ரமாபாய்

ஞானஸ்நானம் பெற்றுவிட்டாலே இரட்சிப்பு உறுதியா? அல்லது அதுவும் மனிதர் செய்யும் ஒரு கிரியைதானா? கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றும் எழும் இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையிலேயே விடை தேடியவர் பண்டித ரமாபாய்.

1858 ஏப்ரல் 23-ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் ஒரு மராத்தி பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கூடாது என்றிருந்த காலத்தில், தந்தை அனந்த சாஸ்திரி தம் மனைவிக்கு அதைக் கற்பித்தார். அந்தத் தாயிடம் பயின்ற ரமாபாய், பாகவத சுலோகங்களை ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்தார்.

குடும்பம் தலம் தலமாக நடந்து, புராணம் வாசித்துப் பிழைத்தது. புனித நதிகளில் நீராடினர், விரதம் இருந்தனர், கைப்பொருளைத் தானமாகக் கொடுத்தனர். 1870-களின் பஞ்சத்தில் பெற்றோரும் மூத்த சகோதரியும் மாண்டனர்.

1878-இல் அண்ணனுடன் கல்கத்தா சென்றார். அவரது புலமையை வியந்த அறிஞர்கள் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களை வழங்கினர். 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு சாதியைப் பாராமல் ஒரு வங்காள வழக்கறிஞரை மணந்தார். 1882-இல் காலரா அந்தக் கணவரையும் பறித்தது. கையில் மனோரமா என்ற பெண் குழந்தை.

1883-இல் இங்கிலாந்து சென்று வான்டேஜ் கன்னியர் மடத்தில் தங்கினார். சமூகம் ஒதுக்கிய பெண்களை அந்தச் சகோதரிகள் அன்போடு பராமரித்தது அவரைத் தொட்டது. செப்டம்பர் 29-ஆம் நாள் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர். ஊரில் கடும் கண்டனம் எழுந்தது. ஆனாலும் அவர் திருச்சபை சொன்ன அனைத்தையும் தலையாட்டி ஏற்கவில்லை. திரித்துவம் பற்றியும் கேள்வி கேட்டார்.

நாடு திரும்பி, 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதனைத் தொடங்கினார். ஆனால் மனத்தில் அமைதி இல்லை. வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலேயப் போதகர், தாம் போதகரான பிறகே உண்மையில் மனந்திரும்பியதாக எழுதிய நூலை வாசித்தார். 1891-இல், ஞானஸ்நானம் பெற்று 8 ஆண்டுகள் கழித்து, ஒன்று விளங்கியது. தாம் கண்டது கிறிஸ்தவ மதத்தை மட்டுமே, கிறிஸ்துவை அல்ல என்று உணர்ந்தார். தகுதி சேர்த்துப் பெறுவதல்ல இரட்சிப்பு. தகுதியில்லாதவருக்கும் இறைவன் இலவசமாகத் தருவது என்பதே அவர் கண்ட விடை.

இதில் சபைகளிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஞானஸ்நானம் மனிதரின் கிரியையே அல்ல, அதில் செயல்படுபவர் கடவுள் என்பது கத்தோலிக்க, லூத்தரன் சபைகளின் போதனை. விசுவாசத்துக்குப் பின் வரும் கீழ்ப்படிதலின் அடையாளம் என்பது பாப்டிஸ்ட் சபையாரின் நிலை. ரமாபாயும் ஞானஸ்நானத்தை ஒதுக்கவில்லை. அவரது இல்லத்தில் விசுவாசித்த பெண்கள் அதைப் பெற்றனர்.

எந்தச் செயலாலும் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது என்று நம்பிய அவர், ஓயாமல் உழைத்தார். 1896-இல் பஞ்சம் வந்தபோது மத்திய இந்தியாவுக்குச் சென்று, ஆதரவற்ற நூற்றுக்கணக்கான பெண்களைப் புனே அருகே கேட்கானுக்கு அழைத்து வந்தார். அங்கு உருவான முக்தி இல்லத்தில் 1900-ஆம் ஆண்டு வாக்கில் 1,500 பேர் வாழ்ந்தனர். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார்.

1921-இல் மகள் மனோரமா காலமானார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ரமாபாயும் மறைந்தார். பஞ்சத்தில் பெற்றோரை இழந்த அந்தப் பெண் எழுப்பிய முக்தி இல்லம், இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அடைக்கலம் தருகிறது.