பறிக்கப்பட்ட அனுமதி அட்டை

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1915-இல் பிலடெல்பியாவில் பிறந்து, பால்டிமோரில் வறுமையில் வளர்ந்தவர். 1933-இல் பென்னி குட்மன் குழுவுடன் முதல் இசைத்தட்டில் பாடினார். 1937-இல் கவுண்ட் பேஸியின் இசைக்குழுவிலும், மறு ஆண்டு வெள்ளையரான ஆர்ட்டி ஷாவின் குழுவிலும் சேர்ந்தார். நியூயார்க்கின் லிங்கன் ஹோட்டலில் ஷா குழுவினருடன் பாடியபோது, கறுப்பினத்தவர் என்பதால் சரக்கு மின்தூக்கியில் செல்லுமாறு பணிக்கப்பட்டார். அக்குழுவிலிருந்து விலகினார்.

பின்னர் கஃபே சொசைட்டியில் தனிப் பாடகியானார். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரை வன்முறைக் கும்பல்கள் மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கொடுமையை அங்கே பாடினார். அப்பாடலைப் பதிவுசெய்யக் கொலம்பியா நிறுவனம் மறுத்தது. கமோடோர் என்ற சிறு நிறுவனம் முன்வந்தது.

1947-இல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றார். மறு ஆண்டு விடுதலையான சில நாள்களிலேயே அவர் பாடிய கார்னகி அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆனால், மது விற்கும் விடுதிகளில் பாடுவதற்கு நியூயார்க் காவல்துறை வழங்கும் அனுமதி அட்டை அவருக்கு மறுக்கப்பட்டது. ஜாஸ் கலைஞர்களின் அன்றாட வருமானம் அவ்விடுதிகளில்தான் இருந்தது. நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு முடிவுநாள் இருந்தது. காவல்துறையின் இந்தத் தண்டனைக்கோ அது இல்லை.

1959 ஜூலை 17 அன்று, 44 வயதில், கைது செய்யப்பட்ட நிலையில் மருத்துவமனையில் மறைந்தார். அந்த அட்டை முறை 1967-இல்தான் ஒழிந்தது. தண்டனையை அனுபவித்து முடித்தவரின் பிழைப்பை ஓர் உரிமத்தால் முடக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் இருத்தலாகாது.