கணக்குத் தெரிந்தவர் கடவுளிடம் கணக்குப் பார்த்தாரா?



பரீட்சை வந்துவிட்டால் போதும், பிள்ளையார் கோயிலில் நம்ம பள்ளிக்கூடமே நிற்கும். சாமி இருந்தா மார்க் வரும், இல்லாட்டி போறது ஒரு தேங்காய்தானே என்று நம்மில் பலர் பேசிக்கொள்கிறோம். நானும் பேசியிருக்கிறேன்.

இந்தப் பேச்சு புதுசு இல்லை. அறிவியல் பாடத்தில் அழுத்தத்தின் அலகாக வருகிறாரே பாஸ்கல் (1623–1662), அந்தப் பிரெஞ்சு அறிஞர் இதை ஒரு பந்தயம் போல எழுதி வைத்தார். கடவுளை நம்பி, அவர் இருந்துவிட்டால் அளவில்லாத லாபம். இல்லாவிட்டால் நஷ்டம் கொஞ்சம்தான். ஆகவே நம்புவதே புத்திசாலித்தனம் என்பது அவர் கணக்கு. அவர் இறந்த பிறகு 1670-ல் அந்தக் குறிப்புகள் அச்சாயின.

இந்தக் கணக்கு சரிதானா? லாப நஷ்டம் நன்றாகத் தெரிந்த ஒருவர் நம்ம ஊரிலேயே வாழ்ந்தார். அவர்தான் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் ஆடிட்டராக இருந்து நன்றாகச் சம்பாதித்தார். பிறகு அமெரிக்கா போய்ப் பொருளாதாரம் படித்தார். இந்தியா ஏன் ஏழையானது என்று ஆராய்ந்தபோது, வெள்ளையர் ஆட்சியின் வரி முறைதான் முக்கியக் காரணம் என்று கண்டார். 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். அதோடு கோட்டும் போச்சு, பம்பாய் வருமானமும் போச்சு. கதர் உடுத்தினார். குமரப்பா என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். அன்று ஆண்டவர்களும் கிறிஸ்தவர்கள். தேவாலயத் தலைவர்கள் பலரும் அரசாங்கத்தின் பக்கம். பேசாமல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு மற்ற நாள் பணம் எண்ணியிருக்கலாம். பாதுகாப்பான பந்தயம் அதுதான். குமரப்பா அப்படிச் செய்யவில்லை. ஏசு போதித்த அன்புக்கும் பிறரை அடிமைப்படுத்தும் ஆட்சிக்கும் ஒத்துவராது என்று சபைத் தலைவர்களிடமே வாதாடினார். சிறை சென்றார். 1942 போராட்டத்துக்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் இருந்தபடியே ஏசுவின் வாழ்க்கையும் போதனையும் பற்றி ஒரு புத்தகமும், நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அவருடைய நம்பிக்கைக்கு விலை ஒரு தேங்காய் இல்லை, ஒரு வாழ்க்கை!

1934-ல் பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. நிவாரணப் பணத்துக்குக் கணக்கு வைத்தவர் குமரப்பா. காந்தி தம் ஆட்களோடு பாட்னா வந்தபோது, அவர்கள் செலவை அந்தப் பணத்தில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தியும் ஒத்துக்கொண்டார். பிறர் பணத்தில் அவ்வளவு கறார்!

கடைசிக் காலத்தில் நம்ம டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து எளிய வீட்டில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960-ல், காந்தி மறைந்த அதே ஜனவரி 30 அன்று மறைந்தார்.

அவர் பொருளாதாரத்தைப் படிப்படியாகப் பிரித்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி கீழ்ப்படி. தோட்டத்து மாம்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கு அடுத்த படி. உழைத்துச் சாப்பிடுவது அதற்கு மேல். கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ இன்னும் மேல். எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்தான் உச்சிப்படி. இதை அவர் பக்திக்காகச் சொல்லவில்லை. ஆனால் பக்திக்கும் பொருத்திப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. படிக்காமல் தேங்காய் மட்டும் உடைக்கிற நான் எந்தப் படி? குரங்குப் படியைத் தாண்டவில்லை!

சரி, ஒருவேளை சாமியே இல்லையென்றால் குமரப்பா பாடுபட்டதெல்லாம் வீண்தானே என்று என் தோழி கேட்டாள். நானும் யோசித்தேன். பீகாரில் பசித்தவர்களுக்குப் போன பணம் பொய்யாகுமா? கிராமத் தொழில்களால் கிடைத்த கூழ் இல்லாமல் போகுமா? சாமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வரவு வரவுதான். லாபத்துக்காகப் போடாத முதலுக்கு நஷ்டம் ஏது?

சாமி உண்டா, இல்லையா என்பது அவரவர் மனசு. கும்பிடுகிறவர்கள் கும்பிடுவோம். ஆனால் பந்தயமாகக் கும்பிட வேண்டாம். அடுத்த முறை ஆசிரமத்துப் பக்கம் போனால், அந்தக் கணக்குக்காரரையும் ஒரு நிமிடம் நினைப்போம், நண்பர்களே!

— பத்தாம் வகுப்பு மாணவி