கும்பகோணத்திலிருந்து காணாமல் போன மாணவன்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் ஒரு சிறு கூட்டம் காத்து நிற்கும். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் அவர்கள். கையில் இரண்டு பேனாவும் நுழைவுச் சீட்டும் இருக்கும். அவற்றை மந்திரித்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். பிள்ளை இரண்டடி பின்னால், தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். எல்லாவற்றையும் அம்மாவே சொல்லி முடிப்பார். பிள்ளை ஒரு வார்த்தையும் பேசாது.

வடக்குப்பட்டு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து வீடுகளில் இதோடு இன்னொரு சிரமமும் உண்டு. அப்பா இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் நேரத்தில் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். பிள்ளை திரும்பி வரும்போது அப்பா மறுபடி புறப்படத் தயாராக இருப்பார். சில வீடுகளில் அம்மாவும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். முகம் பார்த்துப் பேசக் கிடைப்பது ஒரு நாளில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் எவ்வளவு படித்தாய், எத்தனை மார்க் வரும் என்ற விசாரணையிலேயே கழிந்துவிடுகிறது.

இந்தப் பெற்றோருக்காக ஒரு மாணவனின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். நம் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். அவர் பிறந்த டிசம்பர் 22-ஆம் நாளை நம் நாடு தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறது. கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் 17 வயதில் தேர்வில் தோற்று, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரைவிட்டே போய்விட்ட இராமானுஜனை நம்மில் பலருக்குத் தெரியாது.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கர். காலையில் போனால் இரவில்தான் வீடு திரும்புவார். மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாய் கோமளத்தம்மாளின் தலையில் விழுந்தது. நம் ஷிப்ட் வீடுகளைப் போன்ற ஒரு வீடுதான் அது.

சிறுவன் நன்றாகப் படித்தான். 1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான். ஒருமுறை கணக்குத் தேர்வில் தோழன் தன்னைவிடச் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் வாங்கியதற்காக அவனோடு பேசாமல் இருந்தான் என்றும் சொல்வார்கள். எப்போதும் முதலாவதாக வரும் பிள்ளைக்குத் தோற்கத் தெரியாது என்பதற்கு இது ஓர் அடையாளம். அன்றே யாராவது கவனித்திருக்கலாம். முதல் மார்க் வாங்கும் பிள்ளையைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லையே!

1903-இல் ஒரு கணிதப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய 5000 கணித முடிவுகளைத் தொகுத்து எழுதிய நூல். அதில் பெரும்பாலும் நிரூபணங்கள் இருக்காது, முடிவுகள் மட்டுமே இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தானே நிரூபித்துப் பார்க்கத் தொடங்கினார் இராமானுஜன். அன்றிலிருந்து அவருடைய நேரம் முழுவதையும் கணிதமே எடுத்துக்கொண்டது. 1904-இல் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கான பரிசு பெற்று வெளியே வந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

அங்கே கணிதம் மட்டும் போதவில்லை. ஆங்கிலம், வரலாறு, உடலியல் என்று எல்லாப் பாடங்களையும் படிக்க வேண்டியிருந்தது. வகுப்பில் யார் எந்தப் பாடம் நடத்தினாலும் இவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தோற்றார். உதவித்தொகை நின்றுபோனது. கல்லூரிக் கட்டணமோ ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம்.

சில மாதங்கள் எப்படியோ சமாளித்தார். 1905-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டார். வீட்டார் தேடினார்கள். கும்பகோணத்து மாணவன் ஒருவனைக் காணவில்லை என்ற செய்தி செப்டம்பரில் 'தி இந்து' பத்திரிகையில் வந்தது. பிறகு எப்படியோ வீடு திரும்பினார்.

சற்று நின்று யோசிப்போம். கேட்டுத் திட்டுவதற்கு மட்டுமல்ல, கேட்டு ஆறுதல் சொல்வதற்கும் ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை இத்தனை தூரம் ஓடுமா? கோமளத்தம்மாள் அன்பில்லாத தாய் அல்லர். மகன்மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த அன்பே மகனுக்குப் பாரமாகி இருக்கலாம். அத்தனை நம்பிக்கை வைத்தவரிடம் தோற்றேன் என்று எப்படிச் சொல்வது? நம் வீட்டுப் பிள்ளை தலையைக் குனிந்து நிற்பதும் இதனால் இருக்கலாம்.

1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் இவருடைய திறமையைக் கண்டு, கடினமான கணக்குகளை இவரோடு சேர்ந்து போட்டுப் பார்த்தார். மூன்று மணி நேரக் கணிதத் தேர்வை அரை மணி நேரத்தில் முடித்துவிடும் மாணவர், உடலியலில் பத்து விழுக்காடு மதிப்பெண்கூட வாங்கவில்லை. இடையில் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து மூன்று மாதம் ஊரில் படுத்திருந்தார். 1906 டிசம்பரில் எழுதிய எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-இல் தனித்தேர்வராக எழுதியும் தோல்வி. ஒரு பாடத்தில் தவறினாலும் முழுத் தேர்விலும் தவறியதாகவே வைத்த காலம் அது.

அடுத்த சில ஆண்டுகள் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். ஊரார் கண்ணுக்கு அவர் படிப்பு ஏறாத பையன். ஆனாலும் வீட்டில் சோறு போட்டார்கள். கதவு அடைக்கப்படவில்லை. அந்தத் திண்ணை இல்லாமல் போயிருந்தால் அந்த நோட்டுப் புத்தகங்களும் இல்லாமல் போயிருக்கும்.

பிறகு ஒவ்வொருவராக மனிதர்கள் வந்தார்கள். 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசுவாமி ஐயர் அந்த நோட்டைப் பார்த்து, சென்னையில் உள்ள நண்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத இவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914-இல் இங்கிலாந்து சென்றார். 1916-இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றார்.

கதை இங்கே மகிழ்ச்சியாக முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் போர்க்கால நெருக்கடி, சரியான உணவு இல்லை, குளிர், தனிமை. 1917-இல் நோயில் விழுந்தார். 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் அளவுக்கு அவர் மனம் உடைந்தது. நல்ல வேளையாகக் காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகம் பாராட்டும் நேரத்திலும் ஒருவர் உள்ளுக்குள் நொறுங்கிப்போகலாம். 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் 32 வயதில் இறந்தார்.

தேர்வில் தோற்றவர்கள் எல்லாரும் மேதைகள் ஆவார்கள் என்று சொல்ல இந்தக் கதையை எழுதவில்லை. அப்படிச் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். 17 வயதில் அந்தப் பையனுக்கு இரண்டு உதவிகள் தேவைப்பட்டன. நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்க ஒருவர். தோற்றாலும் வீட்டுக்கு வரலாம் என்று முன்கூட்டியே சொல்ல ஒருவர். இந்த இரண்டையும் நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க முடியும்.

நேரத்தைப் பங்கிடுவது பெரிய வித்தை அல்ல. பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் நாள்களையும் பாடங்களையும் எழுதுங்கள். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் வேண்டும். பிள்ளை எந்தப் பாடத்துக்குப் பயப்படுகிறது என்று கேளுங்கள். அதைக் காலையில், மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிடித்த பாடம் மாலைக்கு இருக்கட்டும். முக்கால் மணி நேரம் படித்தால் பத்து நிமிடம் எழுந்து நடக்கட்டும். படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது, அதையே பத்து முறை வாசிப்பதைவிட நன்றாக நினைவில் நிற்கும். பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் வைத்து எழுதிப் பழகினால், தேர்வு அறையில் நேரம் போதவில்லை என்ற பதற்றம் குறையும். உறக்கத்தை வெட்டிப் படிக்க வைக்காதீர்கள். இந்த வயதில் எட்டு மணி நேரமாவது உறங்க வேண்டும். படித்தது மனதில் பதிவதே உறக்கத்தில்தான்.

இரண்டாவது உதவிக்கு அந்த அரை மணி நேரம் போதும். பஸ் வரும்வரை, அல்லது குடும்ப செபம் முடிந்ததும், மார்க்கைப் பற்றிக் கேட்காமல் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பாடம் போனால் என்ன செய்யலாம் என்பதை முடிவு வந்த பிறகு அல்ல, இப்போதே பேசிவிடுங்கள். இன்று தவறிய பாடத்தை மட்டும் அதே ஆண்டு துணைத் தேர்வில் எழுதிவிடலாம். இராமானுஜனுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. பிள்ளை உறங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் பேசினாலோ, அதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ எண்ணிவிடாதீர்கள். தனியாக விட்டுவிடாதீர்கள். 14416 அல்லது 104 என்ற எண்ணை அழைத்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். அழைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறும் பேனாக்களைக் கொண்டு வாருங்கள், மகிழ்ச்சியோடு மந்திரித்துத் தருகிறேன். தேர்வு முடிவு வரும் நாளன்று, பிள்ளை வாய் திறக்கும் முன்பே, சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன், வா என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.