பெல்லி டான்ஸுக்கு மேடை கொடுத்த பதியா மசாப்னி... எகிப்தை விட்டே ஓடியது ஏன்?

பெல்லி டான்ஸ் என்றாலே ஜிகினா உடை, பெரிய மேடை, பின்னால் ஒரு பட்டாளமே வாசிக்கும் இசைக்குழு. இதெல்லாம் ஏதோ பாரோ மன்னர்கள் காலத்து சமாச்சாரம்னு பலர் நினைக்கிறாங்க. உண்மையில் இந்த மேடை வடிவத்துக்கு வயசு நூறுதான். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், பதியா மசாப்னி.

1892-ல் டமாஸ்கஸில் பிறந்தவர். ஏழு வயதிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றம் செய்தவனைவிட அந்தச் சிறுமியைத்தான் ஊர் அதிகம் பேசியது. குடும்பமே அர்ஜென்டினாவுக்குப் போய், சில ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பியது. பிறகு கெய்ரோ வந்து நாடகங்களில் நடித்தார். புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் நகீப் அல் ரிஹானியைத் திருமணம் செய்து, பிரிந்தார்.

1926-ல் கெய்ரோவின் இமாத் அல்தீன் தெருவில் சொந்த அரங்கைத் திறந்தார். கதை அங்கேதான் மாறுது. அதுவரை கல்யாண வீடுகளில், கிடைத்த இடத்தில், பெரும்பாலும் இடுப்பசைவை நம்பி ஆடிய நடனம் அது. பெரிய மேடைக்கு அது போதுமா? கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டுமே! கைகளை விரித்து ஆடுவது, மேடை முழுக்க நகர்வது, பின்னணியில் குழு நடனம், மேற்கத்திய வாத்தியங்கள் என எல்லாம் சேர்ந்தது. பெண்களுக்கு மட்டும் தனிக் காட்சிகளும் நடத்தினார். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

தஹியா கரியோகா, சாமியா கமால் ஆகிய இரு பெரும் நட்சத்திரங்களும் இவரிடம் ஆடி வளர்ந்தவர்கள்தான். பாடகர் ஃபரீத் அல் அத்ரஷும் இங்கே பாடியிருக்கிறார். நைல் கரையில் இவரது கேளிக்கை அரங்கு இருந்ததால், பக்கத்துப் பாலத்தையே மக்கள் 'பதியா பாலம்' என்றார்கள்.

1936-ல் சொந்தப் படம் எடுத்து கையைச் சுட்டுக்கொண்டார். ஆனாலும் மீண்டு வந்து, 1940-ல் 'காசினோ ஓபரா'வைத் திறந்தார். அவரைக் கடைசியில் வீழ்த்தியது வரி பாக்கி. அதிகாரிகள் நெருக்க, 1950 வாக்கில் லெபனானுக்குத் தப்பிப் போனார்.

1952 ஜனவரி 26-ல் கெய்ரோ பற்றி எரிந்தபோது, முதலில் தீ வைக்கப்பட்டது அந்த காசினோ ஓபராவுக்குத்தான். அப்போது பதியா அங்கே இல்லை. பெய்ரூட்–டமாஸ்கஸ் சாலையிலுள்ள ஷ்டூரா ஊரில் பண்ணை வைத்து, பால் பொருட்கள் விற்றுக்கொண்டு வாழ்ந்தார். 1974-ல் லெபனானிலேயே காலமானார்.