தூணைச் சாட்சி வைத்த பெருமகன்
சிவராம் ஜான்பா காம்பிளே வரலாறு

அரசுப் பணியிலும் ரயில்வேயிலும் இருப்போர் ஒவ்வொருவர்க்கும் சர்வீஸ் புத்தகம் என்று ஒன்று உண்டு. பணியில் சேர்ந்த நாள், பெற்ற பயிற்சி, தேறிய தேர்வு, கிடைத்த பாராட்டு, எடுத்த விடுப்பு யாவும் அதில் பதியப்பெறும். ஒருவன் முப்பது ஆண்டு உழைத்திருக்கலாம். அவன் உழைப்பை அருகிருந்து கண்டவர் நூறு பேர் இருக்கலாம். ஆயினும் ஓய்வு பெறும் நாளில் புத்தகத்தில் ஒரு வரி விடுபட்டிருந்தால், அந்த வரிக்குரிய பணம் குறையும். அவனுக்குப் பின் அவன் மனைவிக்கு வரவேண்டியதும் குறையும். எழுதப்படாத சேவை செய்யப்படாத சேவையாகவே கருதப்படும். கோப்புகளுக்கிடையே நாளைக் கழிக்கும் என்போன்ற எழுத்தர்கள் இதனை நன்கு அறிவர்.

தனி மனிதர் ஒருவர்க்கு இவ்வாறு நேர்ந்தால் மனு எழுதலாம், சாட்சி காட்டலாம், பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு சமூகம் முழுவதன் போர்ச்சேவையும் ஏட்டிலிருந்து நீங்கிவிட்டால் என் செய்வது? அந்தப் பிழையைத் திருத்தவேண்டும் என்று மனுவைக் கையிலேந்திப் புறப்பட்டவர் ஒருவர், நாம் வாழும் இதே புனே நகரில் வாழ்ந்தார். அவர்தாம் சிவராம் ஜான்பா காம்பிளே. மராட்டிய மக்கள் நன்கறிந்த அப்பெயர் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரிந்திருத்தல் நலம் என்று கருதியே இச்சிறு வரலாற்றை வரைகின்றேன்.

கல்லில் உள்ள கணக்கு

புனேயிலிருந்து அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) செல்லும் பெருஞ்சாலையில், ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சென்றால் பீமா நதி குறுக்கிடும். அதன் கரையில் உள்ள சிற்றூர் கோரேகாவ். 1818ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அங்கே ஒரு போர் நிகழ்ந்தது. சிரூரிலிருந்து புனேயை நோக்கி இரவெல்லாம் நடந்து வந்த கும்பினிப் படையில் இருந்தோர் எண்ணூற்றுச் சொச்சம் பேரே. அவர்களுக்குத் தலைவர் காப்டன் ஸ்டாண்டன். எதிரே இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் பெரும்படை நின்றது. பம்பாய்க் காலாட்படையின் ஒரு பட்டாளம், புனேக் குதிரைப்படை, இரண்டு பீரங்கிகள் ஆகிய இவ்வளவே கும்பினியின் பக்கம் இருந்தவை. அந்த இரு பீரங்கிகளும் நம் சென்னைப் பீரங்கிப் படைக்கு உரியவை என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரவு முழுதும் நடந்த களைப்போடு, குடிக்க நீருமின்றி, ஊருக்குள் அடைபட்டு அப்படை நாள் முழுதும் போரிட்டது. பொழுது சாய்ந்தபின் எதிர்ப்படை விலகிச் சென்றது. கும்பினிப் படையில் மாண்டோர், காயமுற்றோர், காணாமற் போனோர் எல்லாருமாக 275 பேர். 1821இல் அடிக்கல் நாட்டி, அறுபது அடி உயரத்தில் அங்கே ஒரு கல்தூண் எழுப்பப்பட்டது. மாண்டவர் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. அவற்றுள் பல நாக் என்று முடிவன. மகார் குலத்தார் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட விகுதி அது. அவ்வாறு அடையாளம் காணப்பட்ட பெயர்கள் 22.

இங்கே ஒன்றை நடுநிலையோடு சொல்லவேண்டும். அப்போரில் இருபுறமும் பல குலத்தார், பல மதத்தார் நின்றனர். கும்பினியோ நாடு பிடிக்க வந்த அந்நியக் கும்பினி. ஆகவே அவ்வெற்றியைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். ஆனால் ஊருக்குள் நுழையவும் குளத்தில் நீர் மொள்ளவும் உரிமையற்றிருந்த மக்களின் பெயர்கள், மேற்குலத்தார் பெயர்களோடு ஒரே கல்லில் ஒரே அளவு எழுத்தில் இடம்பெற்றது அந்நாளில் எளிய செய்தியன்று.

அப்போருக்குரிய பதக்கத்தின் கதை வேறு. அது 1851ஆம் ஆண்டில்தான் வழங்க ஆணையிடப்பட்டது. 1826 வரை நிகழ்ந்த பல போர்களுக்குமாகச் சேர்த்துத் தரப்பட்ட அப்பதக்கத்தின் நாடாவில், கோரேகாவ் எனப் பொறித்த உலோகப் பட்டையும் உண்டு. ஆயினும் அன்று உயிரோடிருந்தவர்க்கே அது உரியது. இருபது வயதில் போரிட்டவன் அப்போது ஐம்பத்துமூன்று வயதினன். இடையில் இறந்துபோன சிப்பாய்களின் வீடுகளுக்குப் பதக்கம் வரவில்லை. அவர்க்கெல்லாம் அந்தக் கல்லே பதக்கம்.

அடைபட்ட கதவு

பம்பாய்ப் படையில் மகார் குலத்தார் தொடர்ந்து பணியாற்றினர். சிப்பாயாகச் சேர்ந்து சுபேதார் வரை உயர்ந்தோரும் உண்டு. படை அவர்களுக்குச் சம்பளம் மட்டும் தரவில்லை, பள்ளிக்கூடமும் தந்தது. டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் சுபேதார் ராம்ஜி, புனேயில் இருந்த படைத்துறை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்று, படைப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பல்லாண்டு பணியாற்றியவர். வெளியே எழுத்தறிவு மறுக்கப்பட்ட வீட்டில் புத்தகம் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்த வழி அடைக்கப்பட்டது. இன்ன குலத்தாரே போர்க்குலத்தார், ஏனையோர் போருக்கு ஏற்றவரல்லர் என்றொரு கொள்கை வெள்ளையர் படைத்தலைமையில் ஓங்கியது. முன்பு சென்னைப் படைக்குத் தலைவராயிருந்து, பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரான ராபர்ட்ஸ் பிரபு இக்கொள்கையின் பெருந்துணைவர். வடமேற்கு மக்களே வீரர் எனக் கொண்டு, தென்னாட்டுச் சிப்பாய்களை அவர் தாழ்வாக மதித்தார். மகார் மக்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. நம் சென்னைக் காலாட்படைகளும் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1920ஆம் ஆண்டுகளின் இறுதிக்குள் மறைந்தன. சென்னைச் சாப்பர் படை மட்டும் தன் பெயரோடு நிலைத்தது. ஆகவே இவ்வரலாறு மராட்டியர் கதை மட்டுமன்று. தமிழர்க்கும் இதில் பங்குண்டு.

ஒரு கொள்கையால் மூன்று தலைமுறைச் சேவை பொய்யாயிற்று. போர்க்குலம் அல்லர் என்று எழுதியவர்கள், தங்கள் முன்னோரே நிறுத்திய கோரேகாவ் தூணைப் படித்துப் பார்க்கவில்லை.

முதலில் மனு வரைந்தவர் கோபால் பாபா வலங்கர். அவர் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1894இல் பம்பாய்ப் படைத்தலைவர்க்கென அவர் வரைந்த விண்ணப்பம் பயன் தரவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவரே நம் கதைத்தலைவர்.

புனேயின் பணியாளர்

சிவராம் ஜான்பா காம்பிளே 1875இல் புனேயில் பிறந்தார். உயர்ந்த பட்டம் பெற்றவரல்லர், படைவீரரும் அல்லர். புனேயில் வெள்ளையர் கூடும் மேசானிய மன்றத்தில் பட்லராகப் பணி செய்தவர். மேசைக்கு உணவு கொண்டுவந்து வைத்த அக்கையே இரவில் எழுதுகோலைப் பிடித்தது. ஜோதிபா பூலே முதலிய சீர்திருத்தச் சான்றோரின் எழுத்துக்கள் அவர் நெஞ்சில் ஊன்றின. தம் மக்களுக்காகச் சங்கம் கண்டார். 1908ஆம் ஆண்டு ஜூலையில் சோமவம்சிய மித்ரா என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கினார். அது நெடுங்காலம் நடைபெறவில்லை. ஆயினும் தம் குறைகளைத் தாமே அச்சிற் படிக்கும் பேற்றை அம்மக்களுக்கு அது அளித்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், ஒடுக்கப்பட்ட தம் குலத்தின் பெயராலேயே 1893இல் ஓர் இதழ் தொடங்கி, அரசுக்கு மனுக்கள் அனுப்பிவந்தார். புனேயும் சென்னையும் தூரத்து ஊர்கள். ஆனால் வழி ஒன்றாகவே இருந்தது.

1903இல் புனேக்கு அருகிலுள்ள சாஸ்வட் என்னும் ஊரில் 51 கிராமங்களின் மகார் மக்களைக் காம்பிளே கூட்டினார். கல்வியும், காவல்துறையிலும் படையிலும் வேலையும் வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பம் அனுப்பப்பட்டது. வேண்டியது கிடைக்கவில்லை. அவர் சோர்ந்து விடவில்லை. 1910இல் கண்டோபா கோயில் கொண்ட ஜெஜூரியில் மீண்டும் மாநாடு கூட்டினார். இம்முறை மனு பம்பாயோடு நிற்கவில்லை. லண்டனில் இருந்த இந்திய மந்திரி குரூ பிரபுவுக்கே சென்றது.

அம்மனுவின் கருத்து எளியது. உயர்ந்த பதவிகளை நாங்கள் கேட்கவில்லை. படையிலும் காவலிலும் கீழ்நிலையிலேனும் இடம் தருக. எங்கள் முன்னோர் படையில் பணியாற்றிப் பதவி உயர்வும் பெற்றவர்கள். அதற்கு மாறாக இன்று எங்களைத் தகுதியற்றவர் எனத் தள்ளுவது முறையன்று என்பதே அதன் சாரம். அலுவலக மொழியில் சொன்னால், ஏட்டிலுள்ள பிழையைச் சான்றுகளின்படி திருத்துக என்னும் விண்ணப்பம் அது. கெஞ்சுதலும் அதில் உண்டு, உரிமையும் உண்டு. அக்காலத்தில் கெஞ்சாமல் உரிமை கேட்டால் மனுவை எடுத்துப் படிப்பாரும் இரார்.

மனு எழுதியதோடு அவர் தொண்டு முடியவில்லை. அதே ஜெஜூரியில் இளம் பெண்களைக் கண்டோபாவுக்கு முரளி என்று நேர்ந்துவிடும் வழக்கத்தை எதிர்த்து எழுதினார். அவ்வாறு விடப்பட்ட பெண்ணுக்குத் திருமணம் நடைபெறவும் துணை நின்றார். 1929இல் புனேப் பர்வதி கோயிலுக்குள் எல்லாரும் செல்ல உரிமை வேண்டி நடந்த சத்தியாக்கிரகத்திலும் முன்னின்றார்.

திறந்து மூடித் திறந்த கதவு

1910ஆம் ஆண்டு மனுவுக்கும் கதவு உடனே திறக்கவில்லை. முதல் உலகப் போர் மூண்டு ஆள் தேவைப்பட்டபோது, 1917இல் 111ஆம் மகார் படை எழுப்பப்பட்டது. போர்க்குலம் அல்லர் என்ற சாத்திரம் அப்போது எங்கோ ஒளிந்துகொண்டது. போர் முடிந்தது, 1921இல் அப்படை கலைக்கப்பட்டது. சாத்திரம் மீண்டும் வெளியே வந்தது.

காம்பிளே முதியவராகி வந்தார். தம் வழியை அடுத்த தலைமுறையின் கையில் அவர் ஒப்படைத்த நாள் 1927ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். அன்று கோரேகாவ் தூணருகே கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்து, டாக்டர் அம்பேத்கரை அங்கே வரவழைத்தார். மேல்நாட்டில் பயின்று வந்த இளம் பாரிஸ்டர் ஒருபுறம், மன்றத்துப் பணியாளராயிருந்த பெரியவர் மறுபுறம், நடுவே 22 பெயர்களைத் தாங்கிய கல்! ஏடு மறைத்ததைக் கல் மறைக்கவில்லை என்பதை அக்கூட்டம் நாடறியச் செய்தது. இன்றும் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் லட்சக்கணக்கானோர் அவ்விடத்தில் கூடுகின்றனர்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல் பெல்காமில் மகார் ரெஜிமெண்டு தோன்றியது. அம்பேத்கரின் இடைவிடாத வற்புறுத்தலுக்கும் அதில் பங்குண்டு. அப்படையின் தொப்பிச் சின்னத்தில் முதலில் அமைந்தது கோரேகாவ் தூணே. விடுதலைக்குப்பின் சின்னம் மாறியது, படை நிலைத்தது. சென்னை ரெஜிமெண்டும் அதே போர்க்காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது.

இவ்வரலாற்றில் தமிழர்க்குப் பெருமை தரும் ஒரு பக்கத்தை இங்கே சேர்க்காமல் விடுதல் ஆகாது. மகார் ரெஜிமெண்டுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றுத் தந்த வீரர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1946இல் பம்பாயில் பிறந்த தமிழர். 1972இல் சென்னையில் அதிகாரிப் பயிற்சி முடித்து அப்படையிற் சேர்ந்தார். 1987 நவம்பர் 25ஆம் நாள், அமைதிப்படையுடன் இலங்கை சென்றிருந்தபோது போரில் உயிர்துறந்தார். தகுதியற்றவர் என்று தள்ளப்பட்டோர்க்காகக் காம்பிளே தட்டிய கதவு திறந்தபின், அதன் வழியே நம்மவர் ஒருவரும் நுழைந்து நாட்டின் மிக உயர்ந்த வீர விருதை அப்படையின் ஏட்டில் எழுதிச் சென்றார்.

நமக்குரிய பாடம்

தம் மனுவுக்குரிய பயன் உடனே வரும் என்று காம்பிளே காத்திருக்கவில்லை. சாஸ்வட் மனுவுக்கும் மகார் ரெஜிமெண்டுக்கும் இடையே 38 ஆண்டுகள். அத்தனை காலமும் அவ்வழக்கைச் சாகாமல் காத்தவை மூன்று: எழுதி வைத்த தாள், கல்லிலிருந்த பெயர், அவற்றை மறவாத மக்கள். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் வழக்குத் தோற்றிருக்கும்.

இந்நகரில் நம் குடும்பங்கள் பல, படையையும் ரயில்வேயையும் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையையும் நம்பி வந்தவை. பாட்டனார் பெற்ற பதக்கம் எந்தப் போருக்குரியது என்று பேரன் அறியாத வீடுகள் உண்டு. பணிநீக்கச் சான்று, பயிற்சிச் சான்று, ஓய்வூதிய ஆணை ஆகியவை பழந்தாளோடு தாளாக எடைக்குப் போகும் வீடுகளும் உண்டு. அன்பர்களே, அவற்றை எடுத்து வையுங்கள். பிழை இருந்தால் உரிய அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதில் வாராவிடில் மீண்டும் எழுதுங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். படைவீரர் விதவை ஒருத்தியின் மாத வருவாய், நாம் பேணிய ஒரு தாளில் தங்கியிருக்கக்கூடும்.

விடுமுறை நாளொன்றில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கோரேகாவ் சென்று வருவதும் நன்று. சுற்றுலாவுக்குச் செலவிடும் பொழுதில் அரை நாள் போதும். தூணிலுள்ள பெயர்களை அவர்கள் விரல் வைத்துப் படிக்கட்டும். அவற்றைப் படைத்தலைமை மறந்த காலத்தில், ஒரு மன்றத்துப் பணியாளர் மறக்கவில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

வாழ்க சிவராம் ஜான்பா காம்பிளே புகழ்!