6-ம் வகுப்போடு நின்ற காமராஜர், பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைத்தது எப்படி? சொந்த மண்ணில் மட்டும் ஏன் தாமதம்?

ஜூலை 15 வந்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். காமராஜர் படத்துக்கு மாலை, பேச்சுப்போட்டி, மிட்டாய் என்று அந்த நாள் போய்விடும். அவர் பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு போட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

ஆனால் அந்தத் திட்டங்கள் எல்லாமே ஒரே கேள்விக்கான பதில்கள். பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளை ஏன் வரவில்லை? இதற்கு மாநிலம் முழுக்கப் பலன் கொடுத்த பதில், காமராஜர் பிறந்த விருதுநகர் - சிவகாசி வட்டாரத்தில் மட்டும் பாதிக்குத்தான் பலித்தது. மீதிக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. என்ன நடந்தது?

பிடி அரிசியில் நடந்த பள்ளி

1903 ஜூலை 15 அன்று விருதுப்பட்டியில் (இன்றைய விருதுநகர்) பிறந்தார் காமராஜர். அப்பா குமாரசாமி நாடார், தேங்காய் வியாபாரி. அம்மா சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பெயரான காமாட்சி என்பதுதான் முதலில் வைத்த பெயர். அம்மா செல்லமாக ராஜா என்று கூப்பிட, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது.

அவர் படித்தது ஊரில் இருந்த சத்திரிய வித்தியாசாலா பள்ளியில். இந்தப் பள்ளி நடந்த விதமே தனி. வீட்டில் சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வீடு வீடாகச் சேரும் அந்த அரிசியை விற்ற காசும், வியாபாரிகள் கொடுத்த மகமைப் பணமும்தான் பள்ளிக்கு வருமானம். படிப்பு இலவசம். ஊர் சேர்ந்து ஒரு பள்ளியை நடத்த முடியும் என்பதைக் காமராஜர் பாடமாகப் படிக்கவில்லை, தினமும் கண்ணால் பார்த்தார்.

வகுப்பிலிருந்து ஜவுளிக்கடைக்கு

ஆறு வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்து, வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார். படிப்பு இலவசமாக இருந்தாலும் வீட்டுச் செலவு இலவசம் இல்லையே. 6-ம் வகுப்போடு காமராஜரின் படிப்பு நின்றது. அப்போது அவருக்கு வயது சுமார் 12.

அடுத்து அவர் போனது தாய்மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடைக்கு. இன்றைய கணக்கில் சொன்னால் பள்ளி இடைநிற்றல். காரணம் பையனின் சோம்பேறித்தனமும் இல்லை, வாத்தியாரின் பிரம்பும் இல்லை. வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

1919-ல் நடந்த ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி அந்த இளைஞரை அரசியலுக்கு இழுத்தது. பையன் கூட்டம், ஊர்வலம் என்று அலைகிறானே என்று கவலைப்பட்ட குடும்பம், திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பிப் பார்த்தது. அங்கேயும் அரசியல் விடவில்லை.

அதே காலத்தில் பக்கத்து ஊரில் தொடங்கிய தொழில்

காமராஜர் காங்கிரஸ் வேலையில் இறங்கிய அதே காலத்தில், 1922-ல், சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் கொல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன.

மழை பொய்த்தால் விவசாயம் இல்லாத கரிசல் பூமிக்கு இது வரப்பிரசாதம். ஆனா இந்த வேலையில் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் சின்ன விரல்களாலும் செய்யக்கூடிய வேலைகள். கூலியும் நாள் கணக்கில் இல்லை, எத்தனை முடித்தாயோ அத்தனைக்குக் காசு. வீட்டில் எத்தனை கைகள் வேலை செய்கிறதோ அவ்வளவு வருமானம். கதையின் பின்பாதியில் இது முக்கியம்.

சிறையில் தொடர்ந்த படிப்பு

1930 உப்பு சத்தியாகிரகத்தில் கைதாகி வங்காளத்தின் அலிப்பூர் சிறையில் இருந்தார் காமராஜர். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கைதாகி, 1945 வரை சிறைவாசம். எல்லாம் சேர்த்தால் வாழ்க்கையில் சுமார் 9 ஆண்டுகள் சிறை. பள்ளியில் விட்ட படிப்பை அங்கே புத்தகங்களோடு தொடர்ந்தார்.

1941-ல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் அந்தப் பதவியை உடனே ராஜினாமா செய்துவிட்டார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், 1954 ஏப்ரல் 13 அன்று முதல்வர்.

முதல்வரானதும் முதல் வேலை என்ன?

அவருக்கு முன் முதல்வராக இருந்த ராஜாஜி, 1953-ல் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு பாதி நேரம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று கடும் எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் ஆட்சிக்கு வந்த சில வாரங்களில், 1954 மே மாதம், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அரை நாள் பள்ளி முழு நாள் ஆனது. சரி, முழு நாளும் பிள்ளைகள் வருவார்களா? அங்கேதான் உண்மையான வேலை தொடங்கியது.

வராததற்கு என்ன காரணம்?

மாடு மேய்க்கும் சிறுவர்களைப் பார்த்து, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராஜர் விசாரித்ததாகவும், அங்கே போனால் சோறு யார் போடுவது என்று ஒரு சிறுவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை தமிழ்நாடு முழுக்கச் சொல்லப்படுகிறது. அது நடந்த இடத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள். ஆனால் அவரது அரசு பிள்ளைகள் வராத காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கையாண்டது.

தூரம்: 300 பேர் வாழும் சிற்றூருக்கும் ஒரு பள்ளி, ஒரு மைல் நடந்தால் எட்டுகிற தூரத்தில் தொடக்கப் பள்ளி என்று இலக்கு வைக்கப்பட்டது. அவரது ஆட்சி முடிவதற்குள் தொடக்கப் பள்ளிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரு மடங்கானது.

பசி: மதிய உணவு.

துணி: கிழிந்த சட்டையோடு வர வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடும் பிள்ளைகளுக்காக இலவசச் சீருடை.

பணம்: ஏழைப் பிள்ளைகளில் தொடங்கி, 1960-களில் படிப்படியாக 11-ம் வகுப்பு வரை எல்லாருக்கும் இலவசக் கல்வி.

சாப்பாட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது?

பள்ளியில் சோறு போடுவது புதிய யோசனை இல்லை. 1920-லேயே சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் இதைத் தொடங்கினார். காமராஜர் அதை மாநிலம் முழுமைக்கும் கொண்டுபோக நினைத்தபோது, நிதி எங்கே என்ற கேள்விதான் முன்னால் நின்றது.

அங்கே கைகொடுத்தது விருதுநகர் அனுபவம். 1956-ல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, அது ஊர் மக்களின் நன்கொடையை நம்பியே இருந்தது. அடுத்த ஆண்டு அரசும் செலவில் பங்கேற்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 காசு என்றால், 6 காசு அரசு தரும், 4 காசு ஊர் தர வேண்டும். சின்ன வயதில் பார்த்த பிடி அரிசியின் பெரிய வடிவம் என்றே இதைச் சொல்லலாம்.

இந்த வேலைகளில் அவருக்குப் பக்கபலமாக இருந்தவர் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு. 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று முடிந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சேர்க்கை வேறு, வருகை வேறு

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். பதிவேட்டில் பெயர் இருப்பது சேர்க்கை. தினமும் வகுப்பில் உட்கார்ந்திருப்பது வருகை. ஜூன் மாதம் 40 பேர் சேர்ந்து, தீபாவளிக்கு முன் 20 பேர்தான் வருகிறார்கள் என்றால், அரசின் கணக்கில் சேர்க்கை நன்றாகத்தான் இருக்கும்.

புதுப் பள்ளி திறந்தால் சேர்க்கை கூடும். மதிய உணவு கூட்டியது வருகையை. காரணம், இன்றைக்கு வந்தால்தான் இன்றைக்குச் சோறு. ஆனால் பசியால் வராத பிள்ளைக்குத்தான் சோறு மருந்து. கூலிக்குப் போவதால் வராத பிள்ளைக்கு?

சிவகாசியில் ஏன் பாதிதான் பலித்தது?

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளை மத்தியானச் சோற்றை மட்டும் தேடிப் போகவில்லை. வாரக்கடைசியில் வீட்டுக்குக் காசு கொண்டுவந்தது. பல குடும்பங்கள் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தன. அந்தக் கடனை அடைக்கவும் பிள்ளையின் கை தேவைப்பட்டது. விடியும் முன்பே ஆலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகும். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் அவர்கள் பல மணி நேரம் வேலை செய்து முடித்திருப்பார்கள். பெண் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டினார்கள்.

1957, 1962 தேர்தல்களில் காமராஜர் வென்றது சிவகாசியை ஒட்டிய சாத்தூர் தொகுதியில். இந்தத் தொழில் பெருகியது அவர் ஆட்சிக் காலத்திலும்தான். கந்தகபூமிக்கு வேலை கொடுத்த அதே தொழில் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டதை மதிய உணவால் தடுக்க முடியவில்லை. சாப்பாடு ஒரு வயிற்றின் செலவைத்தான் குறைத்தது. பிள்ளையின் கூலியை அது ஈடுகட்டவில்லை.

தோல்வியும் மறைவும்

1963 அக்டோபர் 2 அன்று, கட்சிப் பணிக்காக முதல்வர் பதவியைத் தானே துறந்தார் காமராஜர். பிறகு அகில இந்திய காங்கிரஸ் தலைவராகி, நேருவுக்குப் பின் சாஸ்திரியும், அவருக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமராக வழிவகுத்தார்.

1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த தலைவரை, படித்த இளைஞர் ஒருவர் தோற்கடித்தார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, சென்னையில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை. 1976-ல் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது.

அவர் மறைந்த பிறகு என்ன ஆனது?

அதே 1976-ல் சிவகாசிப் பகுதியில், வேலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஆலைப் பேருந்து விபத்தில் சிக்கிப் பல குழந்தைகள் இறந்தனர். ஹர்பன்ஸ் சிங் தலைமையில் அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1980-களில் வந்த ஒரு மதிப்பீடு, சிவகாசி வட்டாரத்தில் சுமார் 45 ஆயிரம் குழந்தைத் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொன்னது. 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, அதற்குக் காமராஜரின் பெயரையே வைத்தார்கள். அவர் பெயரைத் தாங்கிய மாவட்டம், பிள்ளைகள் வேலைக்குப் போவதற்காகவும் நாடெங்கும் பேசப்பட்டது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் தொடங்கின. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்திருந்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அரசு 5 ஆயிரம் ரூபாய் போட வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும்.

சோறு தொடாத காரணத்தை, அதாவது வீட்டு வருமானத்தை, இந்தத் தீர்ப்புதான் நேராகத் தொட்டது. சட்டம், கண்காணிப்பு, சிறப்புப் பள்ளி, பெரியவர்களுக்கு வேலை என எல்லாம் சேர்ந்த பிறகே ஆலைப் பேருந்துகளில் பிள்ளைகள் குறைந்தார்கள்.

இப்போது இதை ஏன் பேச வேண்டும்?

1982-ல் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மு.க.ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதல் கட்டத்தில் நடந்த ஆய்வில், 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியதாகத் தெரியவந்தது. தட்டில் சோறு இருந்தால் வருகை கூடும் என்ற கணக்கு 66 ஆண்டுகளுக்குப் பிறகும் சரியாகவே இருக்கிறது.

அதே சமயம், பட்டாசு ஆலை வெடிவிபத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளை 12 வயது காமராஜர் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. 2024 நவம்பரில் விருதுநகரில் பேசிய முதல்வர் ஸ்டாலின், அப்படிப்பட்ட பிள்ளைகளின் உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். மாமா கடைக்குப் போன விருதுப்பட்டிப் பையனுக்கு அன்று கிடைக்காத உதவி அது.

ஒரு பிள்ளை நாலு நாளாக வரவில்லை என்றால், பதிவேட்டில் ஆப்சென்ட் போடுவதோடு வேலை முடிவதில்லை. தூரமா, பசியா, துணியா, வீட்டுக் கடனா என்று போய்க் கேட்டால்தான் என்ன உதவி தேவை என்பது தெரியும். காமராஜர் அரசு செய்தது அந்த விசாரிப்பைத்தான்.